உள்ளே இருந்தால் குடி தானாக நின்றுவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. வெல்டிங் வேலை செய்கிறான். ஐந்தாறு ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை பத்து நாள் சரியாகத் தூங்காமல், கடன் வாங்கிக் கண்டபடி செலவழித்து, சொந்தமாகத் தொழிற்சாலை கட்டப்போவதாக இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். அரசு மருத்துவமனையில், மனம் ஒருசமயம் எல்லை மீறிக் கிளர்ந்தும் ஒருசமயம் அடியோடு சோர்ந்தும் போகிற இருமுனைக் கோளாறு என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டான். சென்ற மாதம் டாஸ்மாக் வாசலில் நடந்த சண்டையில் ஒருவரைத் தாக்கியதாக வழக்குப் பதிவாகி, ரிமாண்டில் மத்திய சிறைக்குப் போனான். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் பேசினான். கைதிகள் வார்டில் நான்கு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் மனு போட்டுப் பார்த்தேன். பாதியாக மெலிந்திருக்கிறான். 'வக்கீலுக்குச் செலவு செய்யாதே அக்கா, நான் இருந்தும் ஒன்றுதான்' என்றான். ஜாமீன் எடுக்க வேண்டாம், உள்ளே இருந்தால் குடி தானாக நிற்கும் என்கிறார் அப்பா. பழைய சிகிச்சையைப் பற்றிச் சிறையில் வாய் திறக்காதே, பைத்தியம் என்று முத்திரை விழுந்தால் வழக்கும் கெடும், தங்கை கல்யாணமும் கெடும் என்கிறார் அம்மா. வீட்டில் இன்னும் லித்தியம் மாத்திரைகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது கொடுத்துவிடலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

– தென் மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், உங்கள் தம்பி சொன்ன 'நான் இருந்தும் ஒன்றுதான்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். அதை விரக்தியில் வந்த பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் அந்த ஆண்டு நிகழ்ந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 159. அவற்றில் 119 தற்கொலைகள். அடிதடியோ விபத்தோ பறித்த உயிர்களைவிடத் தாங்களாகவே முடித்துக்கொண்ட உயிர்கள் பல மடங்கு அதிகம். உங்கள் தம்பி குடியை திடீரென நிறுத்தியவர், ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், முதன்முறையாகச் சிறைக்குப் போனவர். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே மருத்துவர்களான நாங்கள் கவனமாக இருப்போம்.

ஆகவே நாளைக்கே சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். சிறை மருத்துவ அலுவலருக்கும் நகல் கொடுங்கள். தம்பி சொன்ன வார்த்தைகளை அப்படியே, எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு எழுதுங்கள். பழைய நோயின் பெயர், சிகிச்சை பெற்ற மருத்துவமனை, மருந்தின் பெயர், சிறையில் வந்த வலிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். மனநல மருத்துவர் உடனடியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் மூலமாக அதே மனுவைக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வாயால் வார்டரிடம் சொல்லிவிட்டு வருவது போதாது. பணி மாறும்போது சொன்ன சொல்லும் மறைந்துவிடும், காகிதம் மறையாது.

அவரைத் தனி அறையில் வைத்துப் பாதுகாக்கும்படி மட்டும் கேட்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவருக்குத் தனிமை மிகப் பெரிய ஆபத்து. நாலு பேரோடு, யாராவது கண்ணில் படுகிற இடத்தில் அவர் இருக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது, 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் பெரிய பிடிமானம். ஜாமீன் மனு தள்ளுபடியாகும் நாளும், வாய்தாவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் மாலையும் குறிப்பாகக் கனமானவை. அப்படி ஒரு நாள் வருவது தெரிந்தால் சிறை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவரைக் கல்மனசுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் இரவு இரவாகக் காத்திருந்து களைத்த ஒரு தகப்பனுக்கு, மகன் குடிக்க முடியாத இடத்தில் இருக்கிறான் என்பதே ஆறுதல்தான். ஆனால் அந்த 'குடிக்க முடியாத இடம்' முதல் வாரத்திலேயே அவர் மகனின் உயிரைப் பறித்திருக்கக்கூடும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் நடந்தது இதுதான். ஆண்டுக்கணக்கில் தினமும் மது போய்க்கொண்டிருந்தால், அதன் மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் அந்த வேகம் கட்டுப்பாடில்லாமல் வெளிப்படுகிறது. ஆறு மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நேரமும் இடமும் ஆளும் தெரியாமல் குழம்பி, இல்லாத பூச்சிகளைக் கண்டு, காய்ச்சலும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறோம். சிகிச்சை தராவிட்டால் உயிரிழப்பு நேரலாம். தந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். சிகிச்சையும் அரிதானதல்ல. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், லோராசெபாம் போன்ற மருந்து ஒன்றைப் போதிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது, கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி. அந்த ஊசி தவறிப்போனால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாழாகும் அபாயம் உண்டு. எந்த மாவட்ட அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய வேலை இது.

கைதானவரைச் சிறைக்குள் எடுக்கும்போது மருத்துவர் பார்த்து எழுதும் பரிசோதனை இதற்காகத்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்துவதற்கான நெல்சன் மண்டேலா விதிகளில் 30ஆவது விதி, சிறைக்கு வரும் ஒவ்வொருவரையும் கூடிய விரைவில் பார்த்து, போதை நின்றதால் வரும் தொந்தரவும் தற்கொலை அபாயமும் இருக்கின்றனவா என்று கண்டறியச் சொல்கிறது. நம் ஊரில் அந்தப் பரிசோதனை பல சமயம் காயம் இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. 'தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது குடித்தீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அது கேட்கப்படாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இதை வாசிக்கும் வேறு யாருடைய வீட்டிலாவது தினமும் குடிப்பவரோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்பவரோ, தூக்க மாத்திரைக்கு அடிமையானவரோ கைதானால், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே நடுவரிடமும் சிறை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் அந்த இரண்டு நாள்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். உடம்பிலிருந்து மது வெளியேறிவிட்டது. அப்பா இதைத்தான் 'குடி நின்றுவிட்டது' என்கிறார். மது எட்டாத தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எந்த எண்ணம் வரும்போது கை பாட்டிலைத் தேடுகிறது, தூக்கம் வராத இரவை எப்படிக் கடப்பது, சம்பள நாளில் எந்தத் தெரு வழியாக வீடு திரும்புவது என்பதையெல்லாம் யாராவது கூட உட்கார்ந்து பேசிப் பழக்க வேண்டும். நெரிசலும் இரைச்சலும் பயமும் நிறைந்த பிளாக்கில் அது தானாக நடக்காது. போதைப்பொருள் மதிலைத் தாண்டி உள்ளேயும் போகிறது என்பதும் உலகமெங்கும் சிறை மருத்துவர்கள் அறிந்ததுதான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் அந்நகர மத்திய சிறையில் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருப்பதாகக் கண்டார்கள். போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய் இருந்தது. சிறை என்பது நோயைத் தீர்க்கும் இடமாக இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை இப்படி இருக்காது.

அம்மாவின் பயம் வேறு வகை. அவர் சொல்கிறபடி மறைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் மனம் சோர்ந்திருப்பது வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களில் அது தானே விலகும். உங்கள் தம்பிக்கு ஐந்து வாரம் ஆகியும் விலகவில்லை, உடல் மெலிகிறது, சாவைப் பற்றிய பேச்சு வருகிறது. இது இருமுனைக் கோளாற்றின் சோர்வுக் கட்டமாக இருக்கலாம் என்பதே என் முதல் சந்தேகம். பழைய வரலாறு தெரியாத சிறை மருத்துவர் இதைச் சாதாரண மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தொடங்கினால், சிலருக்கு அது மறுகோடிக்குத் தள்ளிவிடும். மறுபடியும் தூக்கமில்லாத, அடங்காத, சண்டைக்குப் போகும் நிலை. அது சிறைக்குள் வந்தால் ஒழுங்கீனம் என்று தண்டனைக்குள்ளாகும், நோய் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பத்து நாள்களைப் பற்றி நீங்கள் சொல்லும் நாலு வரி, சிகிச்சையின் திசையையே மாற்றும்.

வழக்கு கெடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது என்கிறது. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. மது, போதையால் வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. எனவே குடிப்பழக்கத்துக்கும் இருமுனைக் கோளாற்றுக்கும் சேர்த்தே சிகிச்சை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நோய் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. கல்யாணத்தைப் பற்றி: வழக்கு விவரத்தை இன்று யார் வேண்டுமானாலும் நீதிமன்ற இணையதளத்தில் பார்க்கலாம். மருத்துவக் குறிப்பை அப்படிப் பார்க்க முடியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது வழக்குதான். அம்மா மறைக்க நினைப்பதோ, அவர் மகனைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை.

மாத்திரைகளைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. லித்தியம் அருமையான மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு இணையாகச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகமும் தைராய்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, ரத்தத்தில் லித்தியம் அளவைச் சோதித்துக்கொண்டே கூட்ட வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் போதாமல், வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அந்த அளவு சட்டென்று ஏறிவிடும். உடம்பு வலிக்கென்று கொடுக்கும் டைக்குளோஃபெனாக், இபுபுரூஃபென் மாத்திரைகளும் ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் 'குடியால் வந்த நடுக்கம்' என்று விட்டுவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் இருந்தும் ஒன்றுதான்' என்று சொல்லும் ஒருவர் கையில் முழு அட்டை லித்தியத்தைக் கொடுக்கவே கூடாது. மருந்து சிறை மருத்துவமனை வழியாக, ஒவ்வொரு வேளையும் எதிரில் நின்று விழுங்கவைத்துத் தரப்பட வேண்டும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகல்கள். அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறையில் மனநல மருத்துவர் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? சொல்லக்கூடும். 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது. நாட்டில் எங்குமே நிலைமை அதன் அருகில்கூட இல்லை. அதற்காகக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, சிறை மருத்துவ அலுவலர்கள் எல்லோருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையிலும் அவசரச் சிகிச்சையிலும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. 103ஆவது பிரிவின்படி, மனநோயுள்ள கைதியைச் சிறை மருத்துவப் பகுதியிலுள்ள மனநல வார்டுக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வார்டு இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியோடு வெளி மனநல மருத்துவமனைக்கு மாற்றலாம். மனநோயுள்ளவரை ஏன் இன்னும் சிறையிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு உண்டு. 102ஆவது பிரிவைக் காட்டி உங்கள் வழக்கறிஞர் நடுவரிடம் கேட்டால், மதிப்பீட்டுக்காக 10 நாள்களுக்கு மிகாமல் மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிட முடியும். இந்தப் பிரிவு எண்களை மனுவில் குறிப்பிடுங்கள். எண்ணோடு வரும் மனுவுக்கு எண்ணோடு பதில் எழுத வேண்டியிருக்கும்.

வழக்கறிஞர் செலவு உங்களை அழுத்துகிறது என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

ஜாமீன் எடுங்கள் என்பதே என் கருத்து. நோயுற்றவருக்கு ஜாமீன் வழங்குவதைப் பரிசீலிக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் வெறும் ஜாமீன் மனுவாக இல்லாமல் சிகிச்சைத் திட்டத்தோடு சேர்த்துக் கேளுங்கள். எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ப்பீர்கள், யார் கூட இருப்பார்கள், எந்தத் தேதியில் முதல் சந்திப்பு என்பதை எழுதிக் கொடுங்கள். அப்பாவுக்கும் அதையே காட்டலாம். 'வெளியே விட்டால் மறுபடியும் குடிப்பான்' என்ற அவருடைய பயம் நியாயமானது. அதற்கு மருந்து, கூடுதலாக இரண்டு மாதம் உள்ளே வைத்திருப்பதில் இல்லை.

வெளியே வரும் முதல் இரண்டு வாரங்களைப் பற்றி நான் வேறு எதையும்விட அதிகமாகக் கவலைப்படுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட ஏறத்தாழ 13 மடங்காக இருந்தது. பெரும் பகுதி போதைப்பொருளின் அளவு மீறியதால் நேர்ந்த சாவுகள். உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் உடம்பு தாங்காது. மதுவுக்கும் இது பொருந்தும். ஊசி, வலி மாத்திரைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். டெல்லி திகார் சிறையில் 2008 முதலே போதை ஊசிப் பழக்கத்துக்கு மாற்று மருந்துச் சிகிச்சையை உள்ளேயே தருகிறார்கள். அது நம் சிறைகள் எல்லாவற்றிலும் ஏன் வரவில்லை என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே ஜாமீன் உத்தரவு சிறைக்குப் போகும் நாளில் வாசலில் நீங்கள் இருங்கள். பெரும்பாலும் இருட்டும் நேரத்தில்தான் வெளியே விடுவார்கள். கூட்டாளிகள் பாட்டிலோடு காத்திருப்பது நம் ஊர் வழக்கம். அவர்களுக்கு முன்னால் நீங்களோ, முடிந்தால் அப்பாவோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறையில் கொடுத்துக்கொண்டிருந்த மருந்துகளின் பெயரையும் அளவையும் மருத்துவ அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். மருத்துவக் குறிப்பைக் கேட்டுப் பெற உங்கள் தம்பிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மறுநாள் காலையிலேயே மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவசரப் பிரிவு.

அவசரப்பட்டுத் தனியார் 'மறுவாழ்வு மையம்' எதிலும் விட்டுவிடாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்று மாதம் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய பிறகும் அடைத்து வைப்பதைச் சிகிச்சை என்று நம்புகிற வழக்கம் நம்மிடம் போகவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2025இல் தமிழக அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்களும் இருக்கின்றன. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் வரும். வாங்கவே வாங்காதீர்கள். அப்படிக் கலக்கப்படுவது டைசல்ஃபிராமாக இருந்தால், அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோகலாம். குடிவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அக்காம்புரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மருத்துவர் தருவார்.

வீட்டில் மீந்திருக்கும் லித்தியத்தை மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அவர் திரும்பி வரும்போது அது அலமாரியில் இருக்கக் கூடாது. இடையில் எந்த நேரத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று தோன்றினாலும் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். அம்மாவும் பேசலாம், நீங்களும் பேசலாம். சிறை மனுவின் நகலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எனக்கு அனுப்பினால், ஜாமீன் மனுவோடு இணைக்க வேண்டிய மருத்துவக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். அடுத்த வாய்தாவுக்குள் அனுப்பிவிடுங்கள்.